சாலையோர ஓய்விடங்களில் பயணிகளைக் கணக்கிடும் முறை

தேசிய நெடுஞ்சாலை ஒன்றில் ஓய்விடம் அமைக்க முற்படும் பொறியாளர் முதலில் விடை காண வேண்டிய வினா, அங்கு நாளொன்றுக்கு எத்தனை பேர் இறங்குவர் என்பதே. கழிப்பறைகள், குடிநீர்த் தொட்டி, லாரிகள் நிற்கும் இடம் ஆகிய யாவும் அவ்வெண்ணைப் பொறுத்தே அமைகின்றன. மதிப்பீடு குறைந்துவிடின், வரிசையில் நின்று பெரிதும் அவதியுறுவோர் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே.

சாலையிற் செல்லும் வண்டிகளை எண்ணுவது அத்துணைக் கடினமன்று. ஆண்டுக்கு இருமுறையேனும், ஒவ்வொரு முறையும் தொடர்ந்து ஏழு நாட்கள் இரவு பகலாக எண்ண வேண்டுமென 1972-ஆம் ஆண்டின் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் நெறிமுறைகள் கூறுகின்றன. 2021 பிப்ரவரியில் பாஸ்டாக் கட்டாயமாக்கப்பட்டபின், சுங்கச் சாவடிகளில் இயந்திரமே பெரும்பகுதியைப் பதிவு செய்துவிடுகிறது. ஆயினும், எத்தனை வண்டிகள் ஓய்விடத்தினுள் திரும்பின, அவற்றில் எத்தனை பேர் இருந்தனர் என்பதைச் சாவடி அறியாது.

ஓரிடத்தில் நாளொன்றுக்கு 800 வண்டிகள் நுழைவதாகக் கொள்வோம். அவற்றுள் 600 கார்கள், காருக்கு மூவர். 160 லாரிகள், லாரிக்கு இருவர். 40 பஸ்கள், பஸ்ஸுக்கு நாற்பதின்மர். ஆக மொத்தம் 3,720 பேர். வண்டிகளில் நூற்றுக்கு ஐந்தே பஸ்களாயினும், மக்களில் நூற்றுக்கு நாற்பத்து மூவர் அவற்றில் வந்தவரே. ஆகவே வண்டி வகைகளைத் தனித்தனியே எண்ணுதல் அவசியம்.

ஆண்டு முழுவதும் வாயிலில் ஆள் நிறுத்துதல் இயலாது. இங்கே, ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய தேற்றம் உதவுகின்றது. ஓரிடத்தில் சராசரியாக நிற்கும் வண்டிகளின் தொகையை, ஒரு வண்டி சராசரியாகத் தங்கும் நேரத்தால் வகுத்தால், மணிக்கு எத்தனை வண்டிகள் வருகின்றன என்பது கிடைக்கும். நிற்பவற்றை அவ்வப்போது எண்ணினாற் போதும்.

ஆனால் தங்கும் நேரத்தை அறிவதில் ஓர் இடர் உண்டு. மணிக்கு 12 கார்கள் வந்து பத்து நிமிடம் நிற்கின்றன. ஒரே ஒரு லாரி வந்து ஆறு மணி நேரம் நிற்கின்றது. எந்நேரமும் அங்கு சராசரியாக 2 கார்களும் 6 லாரிகளும் காணப்படும். அப்போது நிற்பவர்களைக் கேட்டுச் சராசரி எடுத்தால் நான்கரை மணி நேரம் என வரும். 8 வண்டிகளை அதனால் வகுத்தால், மணிக்கு இரண்டு வண்டிகள்கூட வரவில்லை என்றாகும். உண்மையில் வந்தவை 13. அவற்றின் சராசரி ஏறத்தாழ 37 நிமிடமே. நெடுநேரம் நிற்பவனே கேட்பவர் கண்ணில் மிகுதியும் படுவான் என்பதே இப்பிழையின் காரணம். மாணவர்க்குச் சராசரி கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

எனவே, நுழையும் ஒவ்வொரு பத்தாவது வண்டியின் எண்ணையும் நேரத்தையும் வாயிலிலேயே குறித்து, அது வெளியேறும் நேரத்தையும் பதிதல் வேண்டும். இதனைச் சில நாட்கள் செய்தாற் போதும். மாலை ஆறு மணிக்குக் குறிப்பேட்டை மூடிவிடலாகாது. இரவில் உறங்கும் லாரி ஓட்டுநர் புறப்படுவது மறுநாள் விடியலில்தான்.