வால்மீனுக்காக ஈஎம்ஐ போடலாமா? வானத்தைப் படம் பிடிக்கும் ஆசைக்கு ஒரு கணக்கு



2024 அக்டோபர் நடுவில், சூரியன் மறைந்ததும் மேற்கு வானத்தில் சுச்சின்ஷான்-அட்லஸ் வால்மீன் தெரிந்தது. இன்ஸ்டாகிராம் முழுக்க அதன் படம்தான். அதற்குப் பிறகு என்னிடம் வரி ஃபைல் பண்ண வருகிற இளைஞர்கள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "கேமரா, ட்ராக்கர், டெலஸ்கோப் எல்லாம் சேர்த்து ஈஎம்ஐ-ல எடுத்துடவா?"

ஆசை தப்பில்லை. வீட்டு மொட்டை மாடியிலிருந்து நெபுலாவையும் கேலக்ஸியையும் படம் பிடிக்கிறது உண்மையிலேயே நடக்கிற விஷயம். ஆனா பில் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க. கணக்குப் போடலாம்.

ஒரு ராத்திரி எவ்வளவு?

உதாரணத்துக்கு பில் 1,20,000 ரூபாய். கிரெடிட் கார்டில் 15% வட்டி, 12 மாதம். மாதத் தவணை சுமார் 10,831 ரூபாய். வட்டி மட்டும் 9,970 ரூபாய். அந்த வட்டிக்கு மேல் 18% ஜிஎஸ்டி, அதாவது இன்னும் 1,795 ரூபாய். ஆக மொத்தம் 1,31,765 ரூபாய். புராசஸிங் ஃபீஸ் தனி.

"நோ காஸ்ட் ஈஎம்ஐ தானே?" என்று கேட்பீங்க. அதிலும் பெரும்பாலும் வட்டியைத்தான் முன்கூட்டியே தள்ளுபடியாகக் காட்டுறாங்க. வட்டி மீதான ஜிஎஸ்டி உங்க ஸ்டேட்மென்ட்டில் வரும், பாருங்க.

இப்போ அடுத்த வரி. மங்கலான நெபுலாக்களுக்கு நிலா வெளிச்சம் ஆகாது, அமாவாசையை ஒட்டிய இரவுகள்தான் வேணும். வருஷத்துக்கு 12 அல்லது 13 அமாவாசை. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என்று மேகம் சில மாதங்களைத் தின்றுவிடும். மறுநாள் ஆபீஸ் இல்லாத ராத்திரியாகவும் இருக்கணும். வருஷத்துக்கு 6 ராத்திரி கிடைக்கும்னு வெச்சுக்கலாம். முதல் வருஷத்தில் ஒரு ராத்திரிக்கு ஆகிற செலவு கிட்டத்தட்ட 22,000 ரூபாய்!

ஆறு ராத்திரியும் நீங்க போனால்தான் இந்தக் கணக்கு. இரண்டு ராத்திரியோடு பெட்டி அலமாரிக்குப் போனால் என்ன ஆகும்னு நீங்களே வகுத்துப் பாருங்க.

படம் எங்கிருந்து வருது?

இது புரிஞ்சா பணம் மிச்சம். ஓரியன் நெபுலா சுமார் 1,340 ஒளி ஆண்டு தூரத்தில் இருக்கு. ஒரே ஒரு ஃபிரேமில் அது மங்கலாக, புள்ளி புள்ளியாக நாய்ஸோடுதான் வரும். அதனால் நூற்றுக்கணக்கான ஃபிரேம் எடுத்து சாஃப்ட்வேரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குறாங்க. இதுக்குப் பேர் ஸ்டாக்கிங். 4 ஃபிரேம் அடுக்கினால் நாய்ஸ் பாதியாகும். 100 அடுக்கினால் பத்தில் ஒரு பங்கு. அதை மறுபடி பாதியாக்க 400 வேணும்.

எஸ்ஐபி மாதிரின்னு சொல்லத் தோணும். ஆனா இது நேர் எதிர். கூட்டுவட்டி நாளாக ஆக வேகம் பிடிக்கும். ஸ்டாக்கிங் போகப் போக மெதுவாகும்.

அப்போ பெரிய தாவல் எதில் கிடைக்கும்? இருட்டில். வானத்தின் பின்னணி வெளிச்சம் 3 மேக்னிடியூட் குறைந்தால், அது கிட்டத்தட்ட 16 மடங்கு இருட்டு. நகரத்தின் நடுப்பகுதிக்கும் நல்ல கிராமத்துக்கும் இந்த அளவு வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். மங்கலான பொருள்களுக்கு, கிராமத்தில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கிற தரம் நகர மொட்டை மாடியில் வர சுமார் 16 மணி நேரம் ஆகும். எந்த லென்ஸும் இந்த ரிட்டர்ன் தராது. பெட்ரோல் தரும்!

இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கு. 2.34 மீட்டர் டெலஸ்கோப்பை வெச்சிருக்கிறவங்களே இருட்டைத் தேடித்தான் போயிருக்காங்க.

மூணு அமாவாசை ரூல்

பெரிய பில்லுக்கு முன்னாடி மூணு அமாவாசை கையில் இருக்கிறதை வெச்சுப் பழகுங்க. நண்பரோட பழைய டிஎஸ்எல்ஆர், 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ், ஆடாத ட்ரைபாட் போதும்.

- பூமி சுத்துறதால ஷட்டர் அதிக நேரம் திறந்திருந்தால் நட்சத்திரம் கோடாகும். 500-ஐ லென்ஸின் ஃபோகல் லெங்த்தால் வகுங்க. கிராப் சென்சார் என்றால் முதலில் அதை 1.5 ஆல் பெருக்கணும். 50 எம்எம்-க்கு 6 விநாடி வரும்.
- ரா ஃபார்மட், ஐஎஸ்ஓ 1600. 300 ஃபிரேம் எடுத்தால் 30 நிமிட வெளிச்சம் சேரும்.
- கடைசியில் லென்ஸை மூடி வெச்சு அதே செட்டிங்கில் 20, 30 டார்க் ஃபிரேம்.
- எங்கே பார்க்கணும்னு காட்ட ஸ்டெல்லேரியம், அடுக்க சிரில் அல்லது டீப்ஸ்கைஸ்டாக்கர். மூணுமே கம்ப்யூட்டரில் இலவசம்.

ஜனவரி முதல் மார்ச் வரை மாலையில் ஓரியன். ஏப்ரல், மே மாதங்களில் தெற்கே ஒமேகா சென்டாரி. ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் தலைகாட்டாத இந்த நட்சத்திரக் கூட்டம் நமக்கு நல்லாவே தெரியும்.

மூணு அமாவாசையும் போனீங்கன்னா, உங்களுக்கு எது குறையுதுன்னு நீங்களே சொல்வீங்க. பெரும்பாலும் அது ஸ்டார் ட்ராக்கராகத்தான் இருக்கும். வாங்கும் முன் ஒரு விஷயம்: ட்ராக்கரை துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்கணும். சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரம்தான், கன்னியாகுமரியில் வெறும் 8. வடக்கே பக்கத்து அபார்ட்மென்ட் நின்றால் அது மறைஞ்சிடும். அங்கே போய் நின்னு பார்த்துட்டு வாங்குங்க.

வால்மீன் வருதே, லேட் ஆகிடாதா?

ஐபிஓ அவசரம் மாதிரிதான் இதுவும். 2012-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஐசான் வால்மீனை "நூற்றாண்டின் வால்மீன்" என்று கொண்டாடினாங்க. 2013 நவம்பர் 28-ல் சூரியனை நெருங்கியபோது உடைஞ்சு சிதறிடுச்சு. 2024 செப்டம்பரில் கண்டுபிடிச்ச இன்னொரு அட்லஸ் வால்மீனும் அடுத்த மாதமே அப்படித்தான் போச்சு. வால்மீன் பிரகாசம் ஒரு கணிப்பு, கேரன்டி கிடையாது. நிஜமாகவே பிரகாசமாக வந்தால் அதே டிஎஸ்எல்ஆரும் ட்ரைபாடும் போதும். பழகின கை ரெடியாக இருக்கணும், அவ்வளவுதான்.

பணத்தை எப்படி ஒதுக்கறது?

ஈஎம்ஐ கட்டத் தயாராக இருந்த பணத்தில் மாதம் 10,000 ரூபாய் ஆர்டி போடுங்க. 6.5% வட்டி என்றால் 12 மாதத்தில் 1,20,000-க்கு மேல் நாலாயிரத்துச் சொச்சம் வட்டி, ஸ்லாப்படி வரிக்கு உட்பட்டு. அங்கே பன்னிரண்டாயிரம் ரூபாய் நஷ்டம், இங்கே நாலாயிரம் லாபம். எமர்ஜென்சி ஃபண்டிலும் இன்ஷூரன்ஸ் பிரீமியத்திலும் கை வைக்காதீங்க. கடலோர ஊரில் இருந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் இரண்டுக்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்க.

படங்களை விற்று தொழிலாகவே வருமானம் வர ஆரம்பிச்சா, அந்த வருஷம் ஐடிஆர்-1 போட முடியாது. ஐடிஆர்-3 அல்லது 4 பார்க்கணும்.

தேதி உறுதியாகத் தெரிஞ்ச ஒரு பிரபல வால்மீன் உண்டு: ஹாலி, 2061 ஜூலை. நீங்க 2000-ல் பிறந்தவர்னா அப்போ வயசு 61. ரிட்டயர்மென்ட் பிளானில் அதுக்கும் ஒரு வரி எழுதி வைங்க. அதுக்கு முன்னாடி, காலண்டரில் அடுத்த மூணு அமாவாசையை வட்டம் போடுங்க.