கோவிலைப் புதுக்கும்போது

மட்டக்களப்பு வாவிக்கரையில் எழும் எந்தக் கட்டடத்துக்கும் இரு பகைவர் உண்டு. ஒன்று ஆண்டு முழுதும் வீசும் உவர்க்காற்று. மற்றொன்று மாரிகாலப் புயல். 1978 நவம்பர் 23 இல் அடித்த சூறாவளியை இப்பகுதி முதியோர் இன்னும் மறந்திலர். அன்று குடிமனைகளோடு வழிபாட்டிடங்களும் கூரையிழந்து நின்றன. ஆதலின் கோவிலைப் பழுதுபார்த்தல் இங்கே தலைமுறைதோறும் வந்து சேரும் கடமையாயிற்று.

புளியந்தீவிலிருந்து பாலம் கடந்தால் வரும் கோட்டைமுனை, தாண்டவன்வெளி, கல்லடி போன்ற இடங்களில் சனம் பெருகப் பெருக, பழைய பங்குக் கோவில் போதாது என்ற எண்ணம் எழுவது இயல்பே. அப்போது எதைப் புதுக்குவது என்று எல்லோரும் கேட்கிறோம். எதை விட்டுவைப்பது என்று கேட்போர் மிகச் சிலரே. நம் எண்ணத்தில் இரண்டாவது கேள்வியே பெரிது.

முதலில் சுவரைப் பார்ப்போம். முன்னோர் சுண்ணாம்புச் சாந்தால் கட்டினர். அச்சாந்து சுவரின் ஈரத்தை வெளியே விடும். பொரிந்த சுவரைக் கண்டதும் நாமோ சீமெந்தைக் கொண்டு பூசி மறைக்கிறோம். சில காலம் சுவர் பளபளக்கும். வெளியேற வழியில்லாத ஈரமும் உப்பும் பின்னர் உள்ளிருந்தே கல்லை அரிக்கும். பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். பழைய சுவருக்குப் பழைய மருந்தே ஏற்றது. அதற்காக முருகைக்கல்லைச் சுடவேண்டியதில்லை. கடலைக் காக்கும் அக்கல்லைத் தொடாமல், நிலத்துச் சுண்ணாம்புக்கல்லால் ஆன சாந்தே போதும். கூரையைச் செப்பனிட்டு ஒழுக்கை அடைத்த பின்னரே சுவரில் கைவைத்தல் நன்று. மாரி தொடங்குமுன் இரண்டும் முடியவேண்டும்.

அடுத்தது பீடம். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4 இல் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. அதன்பின் இலத்தீன் பூசை தமிழாயிற்று. குருவானவர் மக்களை நோக்கி நின்று திருப்பலி ஒப்புக்கொடுக்கலானார். அதற்கெனப் புதிய பீடங்கள் அமைந்தன. இம்மாற்றத்தைச் சாட்டாகக் கொண்டு பல நாடுகளில் பழைய பீடங்களை உடைத்தெறிந்தனர். அதே ஏடு, மதிப்புள்ள திருப்பொருள்கள் கைமாறாமலும் சிதறாமலும் ஆயர்கள் காக்கவேண்டுமெனப் பணித்திருப்பதை அவர்கள் கவனித்தாரில்லை.

புதுக்கலுக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பில் சீயோன் தேவாலயம் தாக்கப்பட்ட அதே காலையில், நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் குண்டு வெடித்தது. அவ்வாலயத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கூரை ஓடுகள் சிதறின. மூன்றே மாதத்தில் கூரையும் சுவரும் புதிதாகி, ஜூலை 21 இல் ஆலயம் திறக்கப்பட்டது. ஆயினும் குருதி தெறித்த உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தை அவர்கள் கழுவவில்லை. கண்ணாடிப் பேழையில் அப்படியே வைத்தனர். புதுக்க வேண்டியதும் காக்க வேண்டியதும் எவையென அம்மக்கள் பிரித்தறிந்தனர்.

நம் பங்குகளில் அத்தகைய துயரச் சின்னம் இல்லாதிருக்கலாம். ஆயினும் மீன்பிடித்துப் பிழைத்த ஒருவர் தம் உழைப்பில் மிச்சம் பிடித்துக் கொடுத்த வாங்கு இருக்கும். பெயர் பொறித்த கல் இருக்கும். பாட்டனார் ஞானஸ்நானம் பெற்ற தொட்டி இருக்கும். அவற்றுக்கு விலை கிடையாது. அதனாலேயே அவை மதிப்பீட்டுத் தாளில் ஏறுவதில்லை.

ஆகவே மேசன்மாரை அழைக்குமுன் பங்கு மக்கள் மூன்று காரியம் செய்வார்களாக. உள்ளதையெல்லாம் படம் எடுத்து வைக்கட்டும். ஒவ்வொன்றும் யாருடைய நேர்ச்சை என்று முதியோரிடம் கேட்டு எழுதட்டும். அகற்ற வேண்டியதை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்கட்டும். இவற்றுக்குச் செலவு சிறிது. ஒருமுறை உடைத்துவிட்டால், எத்துணை பொருள் திரட்டினாலும் அதை மீளப் பெற இயலாது.