பாதி ஒலியில் முழுப் பாட்டு

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்திலும் சுற்றுவட்டார ஊர்களிலும் தயாராகும் ஒவ்வொரு வெடிக்கும் சட்டம் ஓர் ஒலி எல்லை வகுத்திருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி நின்று அளந்தால், கணநேரச் சத்தத்துக்கான அளவையில் 125 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. 1999-ல் மத்திய அரசு சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் சேர்த்த வரம்பு இது. சரவெடிக்கு அதில் தனிக் கணக்கு இருந்தது. சரத்தில் 100 வெடிகள் கோத்திருந்தால் ஒவ்வொரு வெடியின் வரம்பும் 10 டெசிபெல் குறையும். 1,000 வெடிகள் இருந்தால் 15 டெசிபெல் குறையும். பின்னர், 2018-ல், உச்ச நீதிமன்றம் சரவெடிக்கே தடை விதித்தது.

ஒலியைப் பற்றிய இரண்டு அடிப்படை உண்மைகள் இந்த விதிக்குள் அடங்கியிருக்கின்றன. எவ்வளவு தூரத்தில் என்று சொல்லாமல் சத்தத்தின் அளவைச் சொன்னால் அதற்குப் பொருளில்லை. ஒரு சத்தத்தின் அளவு மட்டும் போதாது, மொத்தம் எவ்வளவு சத்தம் காதில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பட்டாசு ஆலையில் வேலை செய்து, தீபாவளி போனஸில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒதுக்கி, பாட்டுக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே ஹெட்போன் வாங்க நினைக்கும் இளைஞருக்கு இந்த இரண்டும் அப்படியே பொருந்தும். பட்டாசு ஆலைக்குள் கைபேசிக்கு இடமில்லை. அதனால் அவருடைய இசையும் ஆட்டமும் மாலையில்தான் தொடங்குகின்றன, பல வீடுகளில் நள்ளிரவு வரை நீள்கின்றன. அவர் தேட வேண்டியது அதிகம் அலறும் கருவியை அன்று. குறைந்த ஒலியிலேயே எல்லாவற்றையும் கேட்கவைக்கும் கருவியைத்தான் அவர் தேட வேண்டும். ஏன் என்பதற்கு இயற்பியலும் உடலியலும் சேர்ந்து பதில் சொல்கின்றன.

சவ்விலிருந்து செவிப்பறைக்கு

ஹெட்போனுக்குள் இருக்கும் அமைப்பு எளிமையானது. ஒரு காந்தம், அதன் இடுக்கில் மெல்லிய கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய பிளாஸ்டிக் சவ்வு. பாட்டு மின்னோட்டமாகச் சுருளுக்குள் பாய்கிறது. மின்னோட்டம் மாற மாறக் காந்தம் சுருளை இழுக்கும், தள்ளும். சவ்வு அதிர்ந்து காற்றை அசைக்கும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் 1910-ல் தன் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. கனமான உலோகக் காந்தங்களின் காலம் அது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே உருவாக்கிய நியோடிமியம் காந்தம் நிலைமையை மாற்றியது. மிகச் சிறிய காந்தமே பெரிய விசையைத் தந்தது. இன்று பெட்டிக்கடையில் தொங்கும் மலிவான இயர்போனுக்குள்ளும் பெரும்பாலும் அந்த வகைக் காந்தமே இருக்கிறது.

அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும் காது இன்னும் பெரிய வியப்பு. கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலிக்குச் செவிப்பறை நகரும் தூரம், ஒரு ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. உட்காதின் நத்தைச் சுருளுக்குள் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. அதிர்வை நரம்புச் சைகையாக மாற்றுபவை அவைதாம். பிறக்கும்போது கிடைக்கும் அந்த இருப்பு வாழ்நாளுக்கும் ஒன்றுதான். பறவைகளுக்கு மயிர்ச் செல்கள் மீண்டும் முளைக்கும், மனிதருக்கு முளைப்பதில்லை.

விலை எதைச் சொல்கிறது?

கையில் காசு குறைவாக இருப்பவருக்கு ஓர் ஆய்வு பெரிய ஆறுதல் தரும். யேரூன் பிரேபார்ட் என்ற ஒலியியல் அறிஞர் 283 ஹெட்போன்களை அளந்து, 2017-ல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் முடிவை வெளியிட்டார். காதின் மேல் அமர்பவை, காதை மூடுபவை, காதுக்குள் செருகுபவை என மூன்று வகையும் அதில் இருந்தன. தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை எந்தச் சுருதியை எவ்வளவு வலுவாகக் கருவி வெளியிடுகிறது என்பதற்கும் அதன் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை.

காரணம் புரியக்கூடியதுதான். சவ்வும் காந்தமும் இன்று விலை உயர்ந்த பொருள்கள் அல்ல. ஒலியின் சமநிலையைத் தீர்மானிப்பவை சவ்வுக்குப் பின்னால் உள்ள துளையின் அளவு, அதை மறைக்கும் வலையின் அடர்த்தி, குழலின் நீளம் போன்றவை. இவற்றைச் சரியாக அமைக்க அறிவும் பொறுமையும் வேண்டும். பொருட்செலவு அதிகம் வேண்டியதில்லை. கூடுதல் விலை உறுதியான உடலுக்கும், பேட்டரிக்கும், இரைச்சல் நீக்கும் மின்னணுவியலுக்கும், நிறுவனத்தின் பெயருக்கும் போகிறது.

எந்தச் சமநிலை நல்லது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவருடைய குழுவினரும் 2012 வாக்கில் தொடங்கி நடத்திய கேட்புச் சோதனைகளில், பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் பெரும்பாலும் ஒரே வகை ஒலியையே விரும்பினார்கள். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் முன் உட்கார்ந்தால் கேட்பதுபோன்ற ஒலி, அடித்தளத்தில் அளவான பேஸ். ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்று பெட்டியில் அச்சிட்டுவிட்டால் அந்தச் சமநிலை வந்துவிடாது.

பெட்டியின் மற்ற எண்களும் அவ்வளவாக உதவுவதில்லை. ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்ற வரி மனிதக் காதின் எல்லையைச் சொல்கிறது. அந்த எல்லைக்குள் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்வதில்லை. காந்தமும் சுருளும் சவ்வும் சேர்ந்த பகுதிக்கு ‘டிரைவர்’ என்று பெயர்; 40 மில்லிமீட்டர், 50 மில்லிமீட்டர் என்ற டிரைவர் அளவும் தரத்துக்குச் சான்றாகாது. பார்க்க வேண்டிய எண் மின்தடை. 16 அல்லது 32 ஓம் என்றிருந்தால் பொதுவாகக் கைபேசியே அதை இயக்கிவிடும். 250 ஓம் கொண்ட ஸ்டுடியோ கருவிக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும்.

காற்று கசிந்தால் பேஸ் இல்லை

வெடிமருந்தைக் காகிதக் குழலில் அடைத்துச் சணல் கொண்டு இறுக்கினால்தான் அது வெடிக்கும், கட்டு தளர்ந்தால் புஸ்ஸென்று போய்விடும் என்பது பட்டாசு ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஹெட்போனின் பேஸும் அதே போல அடைப்பை நம்பியிருக்கிறது. தாழ்ந்த ஒலிக்கு, சவ்வுக்கும் செவிப்பறைக்கும் இடையில் உள்ள சிறிதளவு காற்று மூடப்பட்டிருக்க வேண்டும். ஓரத்தில் சிறு இடைவெளி இருந்தாலும் அழுத்தம் அதன் வழியே வெளியேறிவிடும். உயர்ந்த ஒலிகள் ஓரளவு தப்பிக்கும். பேஸ் முதலில் மறையும்.

ஆகவே காதுக்குள் செருகும் வகையில் மிக மலிவான, மிகப் பெரிய மேம்பாடு அதன் சிலிக்கான் முனைதான். பெட்டியில் வரும் மூன்று அளவு முனைகளில் பலர் முதலில் மாட்டியிருப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரண்டு காதுக்கும் வெவ்வேறு அளவு பொருந்துவதும் இயல்பே. முனை சரியாக அடைத்தால், வாங்கிய நாளில் சப்பென்றிருந்த கருவியில் தவிலின் தொப்பிப் பக்கம் தெளிவாக எழும்.

இந்த அடைப்பு இன்னொரு வேலையும் செய்கிறது. ஆஃப்செட் அச்சு இயந்திரம் ஓடும் தெருவிலோ டவுன் பஸ்ஸிலோ வெளி இரைச்சலை மிஞ்சத்தான் நாம் வால்யூமைக் கூட்டுகிறோம். வெளிச் சத்தம் உள்ளே வராவிட்டால் கூட்டத் தேவையில்லை. பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் 1933-ல் காட்டிய உண்மையையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஒலி குறையக் குறைய, மனிதக் காதுக்குத் தாழ்ந்த சுருதிகள் மற்றவற்றைவிட வேகமாக மங்கும். பேஸ் போதவில்லை என்று கூட்டுபவர் மொத்தப் பாட்டையும் சேர்த்தே கூட்டுகிறார். பேஸ் கசியாத கருவிக்கு அந்தத் தேவை வருவதில்லை.

சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இதே அடைப்பு ஆபத்து. அங்கே கழற்றிவிட வேண்டும்.

காலடி எந்தப் பக்கம்?

விளையாடுபவருக்கு ஒலி தகவல். எதிரி படியேறுகிறானா, இடது பக்கம் சுவருக்குப் பின்னால் நிற்கிறானா என்று கண்ணுக்கு முன் காது சொல்கிறது. எப்படிச் சொல்கிறது என்பதை ராலே பிரபு 1907-ல் விளக்கினார். இடப்பக்கத்து ஒலி இடக்காதை முதலில் அடையும். தலையைச் சுற்றி வலக்காதுக்குப் போக அதிகபட்சம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம், சுமார் 0.65 மில்லிநொடி, கூடுதலாகும். உயர்ந்த சுருதிகளில் தலையின் நிழல் விழுந்து அந்தக் காதில் ஒலி குறையவும் செய்யும். நேர வேறுபாடு 10 மைக்ரோநொடியாக இருந்தாலும் நல்ல காதும் மூளையும் அதைக் கண்டுகொள்ளும்.

இதற்கு வேண்டியது இரு பக்கமும் ஒத்திருக்கும் இரண்டு டிரைவர்கள், அவ்வளவே. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் திரைப்பாடல்கள் என்று பெயர் பெற்றவை 1978-ல் இளையராஜா இசையில் வந்த ‘ப்ரியா’ படத்தின் பாடல்கள். இசைக்கருவிகளை இடமும் வலமுமாகப் பிரித்துவைத்த அந்தத் தொழில்நுட்பத்தையே காலடியின் திசையைக் காட்ட விளையாட்டுகளும் பயன்படுத்துகின்றன. ‘7.1 சரவுண்ட்’ என்று விற்கும் மலிவு ஹெட்செட்டைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் காதுக்கு ஒரு டிரைவர்தான் இருக்கும். மீதி மென்பொருளின் கணக்கு. அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை.

அளவுக்கு மீறிய பேஸ் இங்கேயும் பகைதான். வலுவான தாழ்ந்த ஒலி, தனக்கு மேலுள்ள சுருதிகளின் மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும். குண்டு வெடிக்கும் ஓசை ஊதிப்பெருத்தால் சருகு மிதிபடும் ஓசை அதற்குள் புதைந்துபோகும். இசைக்குச் சமநிலையுள்ள கருவியே ஆட்டத்துக்கும் பொருந்துவதால், இரண்டுக்கும் தனித்தனியே வாங்கத் தேவையில்லை.

தாமதித்து வரும் சத்தம்

தொலைவில் வெடி வெடித்தால் முதலில் வெளிச்சம், பிறகு சத்தம். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். சாதாரண புளூடூத் இயர்பட்ஸில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்துக் கேட்கவைக்க ஏறக்குறைய 200 மில்லிநொடி ஆகும். அதாவது கையில் உள்ள திரையில் துப்பாக்கி சுடுகிறது. அதன் சத்தம் 70 மீட்டர் தள்ளியிருந்து வருவதுபோல் தாமதித்து வருகிறது. நொடிக்கு 60 படங்கள் ஓடும் ஆட்டத்தில் அதற்குள் 12 படங்கள் கடந்திருக்கும். பாட்டுக்கு இது பொருட்டில்லை. திரைப்பட வீடியோவைக் கைபேசியே நிறுத்திப் பொருத்திக்கொள்ளும். ஆட்டத்தில் அடுத்து என்ன நடக்கும் என்பது முன்கூட்டித் தெரியாததால் அப்படிப் பொருத்த வழியில்லை.

கம்பி இணைப்பில் இந்தத் தாமதம் ஏறக்குறைய இல்லை. பேட்டரியும் இல்லை, இரண்டு ஆண்டில் அது செத்துவிட்டதே என்ற கவலையும் இல்லை. வானொலிச் சில்லுக்கும் பேட்டரிக்கும் போகும் காசு முழுவதும் ஒலிக்கே மிஞ்சுகிறது. கைபேசியில் பழைய 3.5 மில்லிமீட்டர் துளை இல்லையென்றால் யு.எஸ்.பி.-சி இணைப்பியோ, நேரடி யு.எஸ்.பி.-சி இயர்போனோ போதும். இரண்டாயிரம் ரூபாய்க்குள் பாட்டு, ஆட்டம் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே வாங்குபவருக்கு, கம்பியில் மைக் உள்ள, காதுக்குள் அடைக்கும் இயர்போனையே நான் பரிந்துரைப்பேன். கரிசல் நாட்டுக் கோடையில் காதை மூடும் பெரிய மெத்தைகள் வேர்க்கவும் செய்யும்.

நான்கு மீட்டர் இல்லாத இடம்

திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபெல் குறைகிறது. 4 மீட்டரில் 125 என்றால் 64 மீட்டரில் ஏறக்குறைய 101. தள்ளி நிற்கும் உரிமை வெடியிடம் நமக்கு உண்டு. இயர்போனிடம் அது இல்லை. செவிப்பறைக்கு மிக அருகில் சவ்வு அதிர்கிறது. முழு வால்யூமில் பல கைபேசிகள் 100 டெசிபெல்லைத் தொடும். வெடியின் சத்தம் கண நேரத்தில் முடியும். பாட்டு மணிக்கணக்கில் ஓடும். அதனால்தான் இங்கே நேரமும் கணக்கில் சேர்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வகுத்த அளவு இது: பெரியவர்களுக்கு 80 டெசிபெல் ஒலி வாரத்துக்கு 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபெல் அதே நேரம். 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிக்கும், எனவே நேரம் பாதியாகும். 83-க்கு 20 மணி. 89-க்கு 5 மணி. 100 டெசிபெல்லுக்கு வாரம் முழுவதற்கும் சுமார் 24 நிமிடம்.

ஆகவே கடையில் சோதிக்கும் முறையையும் மாற்றிக்கொள்ளலாம். மனப்பாடமான ஒரு பாட்டை எடுங்கள். முனைகளை மாற்றி மாற்றி, காது சரியாக அடையும்வரை பொருத்துங்கள். வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள். இரண்டு கருவிகளை ஒப்பிட்டால் இரண்டும் ஒரே உரப்பில் ஒலிக்க வேண்டும்; சற்று உரக்க ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றும், அது காதின் இயல்பு. பாதி ஒலியில் பேஸ் நிற்கிறதா, பாடகரின் மூச்சு கேட்கிறதா, வயலினும் புல்லாங்குழலும் தனித்தனியே பிரிகின்றனவா என்று கவனியுங்கள். வீட்டுக்கு வந்தபின் கைபேசியின் ஈக்வலைசரில் ஊதிய பேஸைக் குறைக்கலாம், கூர்மையான உச்சத்தைத் தணிக்கலாம்; அது இலவசம்.

வெடிக்கு வரம்பு வகுக்கச் சட்டமும் அளக்கக் கருவியும் ஆய்வாளரும் இருக்கிறார்கள். இரவில் போர்வைக்குள் ஆடும் பிள்ளையின் காதை யாரும் அளக்க வருவதில்லை. பெரும்பாலான கைபேசிகளின் அமைப்புகளில் வால்யூமுக்கு உச்ச எல்லை வைக்கும் வசதி இருக்கிறது. புது ஹெட்போனைச் செருகும் அன்றே பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து அந்த எல்லையை அமைத்துவிட வேண்டும். நன்றாகத் தேர்ந்த கருவி என்றால், அந்த எல்லைக்குள்ளேயே பாட்டு முழுதாகக் கேட்கும்.