வேலியும் வழக்கும்

யாழ்ப்பாணத்து ஒழுங்கையொன்றிலே இரு வளவுகளுக்கு நடுவே நின்ற எல்லை வேலி, ஓரிரவில் தறித்து வீழ்த்தப்பட்டதெனக் கொள்வோம். கதியாலும் கிடுகும் போயின. வேலிக்கு உரியவர் பொலிசில் முறைப்பாடு செய்கின்றார். அயலவன் மறியலுக்குப் போவான் என்றே நம்புகின்றார். ஆயின் வழக்குச் செல்லும் வழி வேறு.

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, பிறர் உடைமைக்கு அழிவு செய்தலைக் குற்றமென வகுத்தது. இக்குற்றத்தின் உயிர்நிலை மனமேயாம். நட்டம் விளைக்கும் எண்ணமேனும், அது விளையும் என்னும் அறிவேனும் இருத்தல் வேண்டும். கைதவறி உடைத்தல் இக்குற்றமாகாது. தன் நிலமென்று நேர்மையாக நம்பித் தறித்தானாயின், அது எல்லைத் தகராறாகிச் சிவில் வழக்கின்பாற்படும்.

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தனியார்க்கு நேரும் இத்தகைய சிறு நட்டக் குற்றங்கள் முதற்கண் மத்தியஸ்த சபைக்கே செல்கின்றன. அங்கே சட்டத்தரணிகள் தோன்றுவதில்லை. மத்தியஸ்தர்க்குத் தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. இரு திறத்தாரையும் இருத்தி, அவர் குறையைக் கேட்டு, இணக்கம் காண முயல்வதே அவர் பணி. வேலியைத் திருப்பிக் கட்டிக்கொடுத்தலோ, நட்டஈடு கொடுத்தலோ இருவரும் உடன்பட்டால் எழுத்தில் பதியப்படும். உடன்படாவிடின், இணக்கமின்மைச் சான்றிதழுடன் வழக்கு நீதவான் நீதிமன்றத்தை அடையும்.

நீதிமன்றம் புக்க பின்னரும் இணக்கத்தின் கதவு அடைபடுவதில்லை. நட்டம் தனியார்க்கு மட்டுமே நேர்ந்ததாயின், வழக்கைச் சமாதானமாக முடித்துக்கொள்ள 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் இடந்தருகின்றது. எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்ளின், சிறு வழக்குகளிலே தண்டப்பணமும் நட்டஈடுமாக அது முடிவதுண்டு.

பொதுச் சொத்தாயின் நிலைமை முற்றும் வேறு. அரசுக்குரிய வண்டியின் கண்ணாடியை வேண்டுமென்று உடைத்தவனுக்கு, 1982ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் கடுந்தண்டனை விதிக்கின்றது. வீட்டு வேலிக்கு ஒரு நீதி, வீதி வண்டிக்கு வேறொரு நீதியா என மாணவர் வினவலாம். வேலியைத் தறித்தவனும் அதற்கு உரியவரும் நாளையும் ஒரே ஒழுங்கையில் எதிர்ப்படவேண்டியவர். பொதுச் சொத்தோ எல்லார்க்கும் உரியது, அதனை ஒருவர் மன்னித்துவிடுதல் இயலாது. வேறுபாட்டிற்கு இதுவே காரணம் போலும்.

எனினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. வலியவன் முன்னே எளியவன், 'போகட்டும்' என்று தலையசைப்பது இணக்கமாகுமா? அச்சத்தாற் பிறந்த சமாதானம் அடுத்த மாரிக்குள் மீண்டும் சரிந்துவிடும். வள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். மத்தியஸ்தர் ஆசனத்தில் அமர்வோர், எளியவன் தன் குறையை முற்றச் சொல்லி முடித்தானா என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். அவன் மனமொப்பிக் கையொப்பமிட்டாலன்றி, வேலி மட்டுமே நிமிரும்; அயல் நிமிராது.