புற்றுநோய் அறுவைச் சிகிச்சை: துணைக்கு வருமா நல்ல பாக்டீரியா?

புதுதில்லி: நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 14 லட்சம் பேர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். அறுவைச் சிகிச்சையில் கட்டியை அகற்றிய பின்னரும் பலரைக் கிருமித் தொற்று விடுவதில்லை. ஏழை நோயாளிக்கு அது கூடுதல் நாள்கள், கூடுதல் மருந்து, கூடுதல் கடன்.

வயிறு, குடல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோரிடம் 66 நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வு 2018-ல் வெளியானது. வளர்ந்த நாடுகளில் நூற்றுக்கு 9 பேருக்கும், பின்தங்கிய நாடுகளில் 23 பேருக்கும் அறுவைக் காயத்தில் தொற்று ஏற்பட்டது தெரியவந்தது.

அறுவைக்கு முன் குடலைச் சுத்தம் செய்வதாலும், ஆன்டிபயாட்டிக் மருந்துகளாலும் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களும் அழிகின்றன. அவற்றை மீண்டும் நிரப்புவது புரோபயாட்டிக். அவற்றுக்கு உணவாகும் நார்ச்சத்து பிரிபயாட்டிக்.

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 164 பேரிடம் கிரேக்க நாட்டு மருத்துவர்கள் நடத்திய சோதனை 2015-ல் வெளியானது. நான்கு வகை நுண்ணுயிர்கள் அடங்கிய மருந்தை உட்கொண்டவர்களில் 28.6 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 48.8 சதவீதம் பேருக்கும் கடும் சிக்கல்கள் நேர்ந்தன.

இந்தியாவும் இத்துறையில் பின்தங்கிவிடவில்லை. ஒரிசாவில் (இன்றைய ஒடிசா) 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்கு இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில், ரத்தத் தொற்றும் மரணமும் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தன. 2017-ல் வெளியான இச்சோதனையில் குழந்தை ஒன்றுக்கு ஆன செலவு ஏறத்தாழ ஒரு டாலர்தான்.

ஆயினும், எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது. கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்கு நெதர்லாந்தில் புரோபயாட்டிக் கொடுக்கப்பட்டபோது, இறப்பு 6 சதவீதத்துக்குப் பதிலாக 16 சதவீதமாக இருந்தது. 2008-ல் வெளியான இம்முடிவு மருத்துவ உலகை அதிரவைத்தது. நோய் எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவர்களுக்கு இந்த நுண்ணுயிர்களே ரத்தத்தில் கலந்து தொற்றாக மாறக்கூடும்.

எந்த நுண்ணுயிர், எவ்வளவு என்பதே முக்கியம். நுண்ணுயிரின் இனம், ரகம், காலாவதி நாளில் உயிரோடிருக்கும் எண்ணிக்கை ஆகியவற்றை உறையில் அச்சிட வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-லேயே நெறிமுறை வகுத்தன. ஆனால், ஒரே பொருள் மருந்தாகவும் உணவாகவும் விற்கப்படும் சந்தையில், நோயாளியின் உறவினர் எதை நம்பி வாங்குவது?

மலிவான பாதுகாப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கலாம். அது உண்மையா என்பதை நம் அரசு மருத்துவமனைகளில், நம் நோயாளிகளிடம் சோதித்து அறிவிக்க வேண்டியது அரசின் கடமை. அதுவரை, மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கிக் கொடுப்பது ஆபத்து.