கோட்டின் மேல் ஒரு சொல்

மனவரைபடம் நமக்குப் புதிதல்ல. 2007-08 வாக்கில் படைப்பாற்றல் கல்வி முறை வந்தபோதே நடுவில் தலைப்பும் சுற்றிலும் கிளைகளுமாக மாணவர்களை வரையச் சொன்னோம். அதையே கணினியில் வரைய ஒரு மென்பொருள் எதற்கு என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். வண்ணப் பெட்டிகளுக்காக என்றால் தேவையில்லை, சாக்பீஸ் போதும்.

நான் பயன்படுத்தும் சி-மேப் டூல்ஸ் என்ற இலவச மென்பொருள் வரைவது கருத்து வரைபடம். குழந்தைகளின் அறிவியல் புரிதல் ஆண்டுதோறும் எப்படி மாறுகிறது என்று அறிய, கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜோசப் நோவக் 1970களில் உருவாக்கிய முறை இது. மனவரைபடத்தில் கோடு வெறும் கோடுதான். இதிலோ ஒவ்வொரு கோட்டின் மேலும் இணைப்புச் சொல் வேண்டும். சேர்த்துப் படித்தால் வாக்கியமாக வர வேண்டும். இரு பெட்டிகளை இணைத்ததும் நடுவில் நான்கு கேள்விக்குறிகள் தோன்றும். மாணவர் சொல்லைத் தட்டச்சு செய்யும்வரை அவை அங்கேயே இருக்கும். மென்பொருளின் பயன் எனக்கு அந்தக் கேள்விக்குறிகளில்தான்.

அனகாபுத்தூர் அடையாற்றின் கரையில் உள்ள ஊர். எட்டாம் வகுப்பில் 'இடர்கள்' பாடத்தின்போது, "2015 டிசம்பரில் நம் ஊரில் வெள்ளம் ஏன் வந்தது?" என்று கேட்டேன். வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து வரச் சொன்னேன். மழை, ஏரி, செம்பரம்பாக்கம், உபரிநீர், அடையாறு, ஆக்கிரமிப்பு, குடியிருப்பு, கடல் ஆகிய சொற்களை முன்பே தட்டச்சு செய்து வைத்தேன். தமிழ்த் தட்டச்சில் பாதி வகுப்பு நேரம் போய்விடும். இப்படிச் செய்தால் அவர்கள் இணைப்புச் சொற்களை மட்டும் அடித்தால் போதும். ஒரு கணினிக்கு மூன்று பேர்.

மழைக்கும் ஏரிக்கும் இடையே 'நிரப்புகிறது' என்று உடனே வந்துவிட்டது. செம்பரம்பாக்கத்துக்கும் அடையாற்றுக்கும் இடையில்தான் பல குழுக்களில் கேள்விக்குறிகள் நின்றன. நோட்டில் 'மழை – ஆறு – வெள்ளம்' என்று கோடு போட்டவர்கள்தான் இவர்கள். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண்கூடக் கிடைத்திருக்கும். ஏரி, ஆற்றின் மேலேயே இருப்பதாகப் பலரும் நினைத்திருந்தார்கள். உபரிநீர் தனிக் கால்வாயில் வந்து, நமக்குச் சற்று மேலே திருநீர்மலை அருகே ஆற்றில் கலக்கிறது என்று வரைபடத்தில் பார்த்த பிறகே இணைப்புச் சொல் கிடைத்தது. உடனே ஒரு மாணவி, "அப்போ நம்ம ஊர்ல மழை விட்டாலும் தண்ணி ஏறுமா டீச்சர்?" என்றாள். ஆற்றோரம் வீடுள்ள பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி.

காகிதத்திலும் இதைச் செய்யலாம். கணினி இல்லாத நாளில் சொற்களை அட்டைத் துண்டுகளில் எழுதிப் பெஞ்சில் பரப்புகிறேன். ஆனால் நோட்டில் தவறான கோட்டை அழித்து மறுபடி வரையப் பிள்ளைகளுக்குச் சோம்பல், அப்படியே விட்டுவிடுவார்கள். திரையில் பெட்டியை இழுத்தால் கோடும் கூடவே நகர்கிறது. முதல் நாள் வரைபடத்தையும் கடைசி நாள் வரைபடத்தையும் தனித்தனியாகச் சேமித்துப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்ட முடிகிறது.

மதிப்பிடும்போது பெட்டிகளை எண்ணுவதில்லை. ஒவ்வொரு கோட்டையும் குழு வாக்கியமாக வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்ற குழு மறுக்கலாம். 'ஆக்கிரமிப்பு – அடையாறு' கோட்டின் மேல் 'குறுக்குகிறது' என்று ஒரு குழுவும் 'தடுக்கிறது' என்று இன்னொரு குழுவும் எழுதியிருந்தன. மணி அடித்தும் அந்த வாதம் ஓயவில்லை.