சர்க்கரைப் பாகில் ஒரு தலை

காதில் ப்ளூடூத் மாட்டியபடியே தூங்கிப்போகும் மகனைப் பார்த்துப் பயந்த வாசகி ஒருவர், “மூளை சூடாகிவிடாதா?” என்று கடிதம் எழுதியிருக்கிறார். ரேடியோ அலையை உடல் உறிஞ்சினால் சூடு உண்டாவது உண்மைதான். எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த அளவுக்குப் பெயர் எஸ்ஏஆர். ஒரு கிலோ திசு எத்தனை வாட் உறிஞ்சுகிறது என்ற கணக்கு. இந்தியாவில் 2012 செப்டம்பரிலிருந்து கைபேசிக்கான உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட், ஒரு கிராம் திசுவின் சராசரியாக அதைப் பார்ப்பார்கள்.

இதை அளக்கும் விதம்தான் வேடிக்கை. சோதனைக்கூடத்தில் பக்கவாட்டில் படுத்த பாதித் தலை ஒன்று பிளாஸ்டிக் ஓடாக இருக்கும். பெயர் ‘சாம்’. அமெரிக்க ராணுவத்தினரை அளந்து 1989-ல் வெளியிட்ட கணக்கிலிருந்து, பெரிய தலையாகப் பார்த்து வார்த்தது. மின்புலத்தில் மூளைத் திசுபோல நடந்துகொள்ளும் திரவத்தை அதில் ஊற்றுவார்கள். 900 மெகாஹெர்ட்ஸுக்கான பழைய செய்முறை ஒன்றில் பாதிக்கு மேல் சர்க்கரை. மீதி தண்ணீர், துளி உப்பு! வெளியே காதோரம் கைபேசி முழுச் சக்தியில் இயங்க, ரோபோ கை ஒன்று மெல்லிய கம்பியைப் பாகுக்குள் இறக்கி, புள்ளி புள்ளியாக அளந்துகொண்டு போகும். இவ்வளவு பெரிய தலை சின்னப் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

இது கைபேசிக்கு. ஸ்மார்ட் வாட்ச்சுக்கு அமெரிக்காவில் இரண்டு சோதனை. மணிக்கட்டில் ஒட்டியபடி ஒன்று. வாயருகே பேசுவதுபோல 10 மில்லிமீட்டர் தள்ளி இன்னொன்று.

வாசகி கேட்ட ப்ளூடூத்தின் சக்தி பல கருவிகளில் 2.5 மில்லிவாட்டுக்குள் அடங்கிவிடும். 4ஜி கைபேசியோ 200 மில்லிவாட் வரை போகும். ஆகவே கைபேசியைக் காதில் வைத்துப் பேசுவதைவிட, அதை மேசையில் வைத்துவிட்டு ப்ளூடூத்தில் பேசுவதே மேல்.

ஆனால் சிம் போட்ட வாட்ச் வேறு ரகம். டவர் சரியாக எட்டாத இடத்தில் அது, கல்யாண மண்டபத்து மேளச் சத்தத்தில் போன் பேசும் சித்தப்பா மாதிரி, சக்தியைக் கூட்டிக் குரலை உயர்த்தும். ‘கதிர்வீச்சுத் தடுப்பு’ ஸ்டிக்கரை ஒட்டி ஆன்டெனாவை மறைத்தாலும் இதே கதைதான். பயத்தைக் காசாக்கும் இந்த ஸ்டிக்கர்களுக்குக் கொடுக்கும் பணம் தண்டம்.

கண்ணுக்குத் தெரியாத அலைக்கு நடுங்குகிற நாம், தெரிந்த ஆபத்தைக் கவனிப்பதில்லை. 2022-ல் ஃபிட்பிட் அயானிக் வாட்ச்சைத் திரும்பப் பெற்றதற்குக் காரணம் ரேடியோ அலை அல்ல. பேட்டரி சூடேறி மணிக்கட்டுகளைச் சுட்டதுதான். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கைபேசியையும் வாட்ச்சையும் அதிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். அவற்றிலுள்ள காந்தம் அதன் வேலையைக் குழப்பக்கூடும். கடைக்காரர்கள் வார் எத்தனை நிறத்தில் கிடைக்கும் என்பதோடு இதையும் சொல்லி விற்கலாம்.